தெரியாமல் விலகவில்லை, பயந்து விலகுகிறோம்

(மாசி மகத்தையொட்டிக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘சிறுபான்மைச் சமயத்தாரிடமிருந்து பெரும்பான்மை மனம் விலகி நிற்கப் பெரிதும் காரணம் அறியாமையா, அச்சமா?’ ‘அச்சமே’ அணியில் இரண்டாவதாகப் பேசிய உளவியல் ஆசிரியையின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவருக்கும், எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் ‘அறியாமையே’ அணியினருக்கும், இத்தனை கொசுவுக்கு நடுவிலும் எழுந்து போகாமல் இருக்கும் கடலூர் மக்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா நன்றாகவே பேசினார். கைதட்டல் விழுந்தது, நானும் தட்டினேன். அவர் சொன்னது இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் யாரைக் கும்பிடுகிறார், எப்படிக் கும்பிடுகிறார் என்று நமக்குத் தெரியாது. தெரியாததால் விலகுகிறோம். தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதற்குச் சாட்சியாகச் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளை என்ற ஊரை அழைத்தார். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வரும்போது, தைக்கால் தர்கா முன்னால் முஸ்லிம்கள் சாமிக்கு மரியாதை செய்கிறார்கள், பிரசாதம் கைமாறுகிறது. ‘அறிந்ததால் வந்த அன்பு இது’ என்றார்.

அம்மா, கிள்ளை எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஊர்வலத்தைப் பார்க்க நிற்கிற பத்து இந்துக்களிடம், தொழுகையில் என்ன ஓதுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்காவது தெரியுமா? எதிர்ப்பக்கம் நிற்பவர்களிடம் வராக அவதாரக் கதையைக் கேளுங்கள். அவர்களை விடுங்கள், நம் ஆட்களிடமே கேளுங்கள், பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். அறியாமை இரண்டு பக்கமும் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் மாலை ஏறுகிறது, பிரசாதம் இறங்குகிறது. காரணம், அந்த இடத்தில் யாருக்கும் எதுவும் பறிபோகாது என்று இரண்டு பக்கத்துக்கும் உறுதியாகத் தெரியும். சாமி வரும், நிற்கும், மரியாதை வாங்கும், கடலுக்குப் போகும். பயப்பட அங்கே ஒன்றுமில்லை.

அறிந்தால் அன்பு வரும் என்பதற்குப் பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர், இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம். பழைய பெயர் பாடலிபுரம். ஒரு காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்த ஊர். கி.பி. 458-லேயே சர்வநந்தி என்ற சமண முனிவர் உலகத்தின் அமைப்பைப் பற்றி இங்கே உட்கார்ந்து நூல் எழுதியதாகக் குறிப்பு இருக்கிறது. அந்தப் பள்ளியில் சேர்ந்து, கற்று, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை இடத்துக்கு உயர்ந்தவர் யார்? நம் அப்பர் பெருமான். சூலை நோய் வந்து, திருவதிகையில் தமக்கையார் திலகவதியார் திருநீறு கொடுத்து, சைவத்துக்குத் திரும்பினார். அதன் பிறகு நடந்ததாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வது உங்களுக்கெல்லாம் தெரியும். அரசனிடம் சமணர்களின் புகார், நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டது. கரையேறிய இடமும் இதே ஊர்தான். பின்னால் அரசன் மனம் மாறினான், பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தப் பொருளைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்றும் அதே புராணம் சொல்கிறது.

இதில் அறியாமை எங்கே இருக்கிறது? அப்பரைவிடச் சமணத்தை அறிந்த சைவர் யாராவது உண்டா? அந்தச் சமணர்களுக்குத்தான் அப்பர் அந்நியரா? ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே ஏட்டைப் படித்தவர்கள். ‘நம் தலைவரே போய்விட்டார், நாளைக்கு அரசனும் போய்விடுவான், அப்புறம் நமக்கு என்ன மிஞ்சும்’ என்ற கவலை ஒரு பக்கம். அரசன் மாறிய பிறகு அந்தக் கவலை இடம் மாறியது, இடிபட்டதும் மாறியது. அன்றைக்கு யார் பெரும்பான்மை என்று யாரும் தலை எண்ணி வைக்கவில்லை. அரசன் யார் பக்கம் என்பதுதான் கணக்கு.

சரி, புராணம் வேண்டாம், ஆய்வு சொல்லு என்பீர்கள். சொல்கிறேன், அதுதானே என் பிழைப்பு.

1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பையன்களுக்கு ஒரு கோடை முகாம் நடந்தது. நடத்தியவர் முசாஃபர் ஷெரிஃப், துருக்கியில் பிறந்த உளவியலாளர். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள் 22 பேர். எல்லாரும் வெள்ளையர், எல்லாரும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர், எல்லாரும் நடுத்தரக் குடும்பம். அப்படிப் பார்த்துத்தான் பொறுக்கினார்கள். எதிரணி சொல்கிற அறியாமைக்கு அங்கே இடமே வைக்கவில்லை. இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்று கழுகுக் கூட்டம், இன்னொன்று பாம்புக் கூட்டம், பையன்களே வைத்துக்கொண்ட பெயர்கள். கயிறு இழுப்பது, பந்து விளையாடுவது என்று போட்டி வைத்து, ஜெயிக்கிற கூட்டத்துக்கு மட்டும் கோப்பையும் பேனாக்கத்தியும் என்றார்கள். அவ்வளவுதான். கொடியை எரித்தார்கள், ஒருவர் குடிலுக்குள் இன்னொருவர் புகுந்து சூறையாடினார்கள், வாயில் வராத வசவு இல்லை.

அதற்கப்புறம் ஷெரிஃப் செய்ததைக் கவனியுங்கள். எதிரணி சொல்கிற அதே மருந்தைத்தான் முதலில் கொடுத்துப் பார்த்தார். சேர்ந்து சாப்பிடட்டும், சேர்ந்து படம் பார்க்கட்டும், பழகட்டும் என்று விட்டார். பையன்கள் சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோனது என்று சொல்லி, இரண்டு கூட்டமும் சேர்ந்து தேட வேண்டி வந்தது. நின்றுபோன லாரியைச் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது. அப்போதுதான் மாறினார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் புதிதாக என்ன தெரிந்துகொண்டார்கள்? ஒன்றுமில்லை. ‘அவன் ஜெயித்தால் எனக்கு இல்லை’ என்ற நிலை போய்விட்டது.

எங்கள் அணிக்குச் சங்கடமான ஆய்வு ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணித் தலைவர் எப்படியும் எடுக்கப்போகிறார். ஹென்றி டாஜ்ஃபெல், போலந்தில் பிறந்த யூதர், நாஜிகளிடம் குடும்பத்தை இழந்தவர். 1970-ல் அவர் வெளியிட்ட ஆய்வு. இங்கிலாந்தில் பள்ளிப் பையன்களைக் கூப்பிட்டு, ‘உனக்கு இந்த ஓவியர் பிடித்திருக்கிறது, அவனுக்கு அந்த ஓவியர்’ என்று ஒப்புக்குச் சொல்லி இரண்டாகப் பிரித்தார். யார் எந்தக் கூட்டம் என்று முகம் பார்க்கக்கூட விடவில்லை. காசு பங்கிடச் சொன்னபோது தன் கூட்டத்துக்குக் கூடுதலாகப் போட்டார்கள். அங்கே பயம் ஏது என்று கேட்பீர்கள். உண்மைதான், இல்லை. ஆனால் பந்தியில் தன் பிள்ளை இலையில் இன்னொரு வடை வைப்பது ஒன்று, எதிர்வரிசைப் பிள்ளையின் இலையை இழுத்துப் போடுவது வேறொன்று. தன் ஆட்கள் மேல் பிரியம் இருப்பதாலேயே அடுத்தவர் மேல் பகை வந்துவிடாது என்று மெரிலின் புரூவர் போன்ற உளவியலாளர்கள் பின்னால் விரிவாகவே எழுதினார்கள். பிரியம் பகையாக மாற நடுவில் ஒன்று வேண்டும்.

அது என்ன என்று பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டாம். இந்தக் கடற்கரையிலிருந்து தெற்கே போனால் இலங்கை. பெரும்பான்மை மனம் எப்படி இருக்கும் என்று இந்தக் கூட்டத்துக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடி வாங்கிய பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் தமிழர்கள்.

2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் சிங்களர் கிட்டத்தட்ட 75 சதவீதம். நான்கு பேரில் மூன்று பேர். ஆட்சி, ராணுவம், போலீஸ், எல்லாம் கையில். இவர்களுக்கு என்ன பயம் வேண்டிக்கிடக்கிறது? ஆனால் அவர்கள் தலை எண்ணும்போது தீவோடு நிறுத்தவில்லை. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம்மையும் சேர்த்து எண்ணினார்கள். நம்மைச் சேர்த்தால் அவர்கள்தான் சிறுபான்மை! ‘தமிழனுக்குப் போக்கிடம் உண்டு, நமக்கு இந்த ஒரு தீவுதான்’ என்று பேசிப் பேசி 1956-ல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டார்கள். சிறுபான்மை மனப்பான்மை பிடித்த பெரும்பான்மை என்று இலங்கையைப் படித்த அறிஞர்கள் சொல்வது இதைத்தான். நினைத்துப் பாருங்கள், இங்கே நாம் நம் பாட்டுக்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாம் அங்கே ஒரு கோடிக்கணக்கான படையாகத் தெரிந்திருக்கிறோம்.

2009-ல் போர் முடிந்தது. பயம் முடிந்ததா? முகவரிதான் மாறியது. அடுத்து முஸ்லிம்கள், அதே 2012 கணக்கெடுப்பில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2014-ல் அளுத்கமவில் கலவரம். 2018 பிப்ரவரியில் அம்பாறையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்த சிங்களர் ஒருவர் குழம்பில் ஏதோ கட்டி கிடப்பதைப் பார்த்தார். ‘சிங்களவனை மலடாக்க மாத்திரை போட்டிருக்கிறாய்’ என்று கூச்சல். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்து மிரண்டு என்னவோ ஆமாம் என்பது போலச் சொல்லிவைத்தார். அது வீடியோவாகப் பரவியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரசு ஆய்வாளர் பரிசோதித்தபோது அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. ஆளை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. அடுத்த வாரமே வேறொரு தகராறில் கண்டிப் பக்கம் திகனவில் தீப்பிடித்தது, நாடு முழுக்க நெருக்கடி நிலை போட்டார்கள்.

நடுவர் ஐயா, கூச்சல் போட்டவர் அந்தக் கடைக்குச் சாப்பிடத்தான் வந்தார். முஸ்லிம் சமைத்ததைச் சாப்பிடுகிற அளவு பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்துக்கு அடியில் ‘நம் இனம் இல்லாமல் போய்விடும்’ என்கிற பயமும் இருந்தது. ஒரு மாவுக்கட்டி அதைக் கிளறப் போதுமாக இருந்தது.

சிங்களரைப் பேசும்போது கை தட்டினீர்கள். இதையும் கேளுங்கள், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 1990 அக்டோபரில் வட இலங்கையிலிருந்து முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் விடுதலைப் புலிகள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அங்கே பெரும்பான்மை யார்? நம் ஆட்கள். போனவர்கள் பேசியது என்ன மொழி? தமிழ். ஒரே தெரு, ஒரே சந்தை, ஒரே பள்ளிக்கூடம். இவர்கள் காட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அத்தனை அறிமுகத்தையும் தின்றுவிட்டது. இதை அறியாமை என்ற கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். ‘அவர்கள் பெருகிவிடுவார்கள், நாம் குறைந்துவிடுவோம்’ என்று செல்போனில் வருகிறதே, அது செல்போன் காலத்துச் சரக்கு இல்லை. 1909-லேயே வங்காளத்தில் யு. என். முகர்ஜி என்பவர், இந்துக்கள் அழிந்துகொண்டிருக்கும் இனம் என்று, மக்கள்தொகைக் கணக்கை வைத்து எழுதினார். அப்போதிருந்து எத்தனை கணக்கெடுப்பு வந்துவிட்டது! 2011-ல் நாட்டில் இந்துக்கள் 79.8 சதவீதம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 87 சதவீதத்துக்கு மேல். குழந்தைப் பேறு கணக்கும் இருக்கிறது. தேசிய குடும்பநல ஆய்வில் 1992-93-ல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தை, இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019-21-ல் முஸ்லிம் 2.36, இந்து 1.94. இரண்டுமே இறங்குகிறது, இடைவெளியும் பாதிக்குமேல் சுருங்கிவிட்டது. இதெல்லாம் ரகசியமா? அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது. நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தும் பயம் இறங்கவில்லையே, ஏன்? எதிரணி சொல்வதுபோல் வெறும் தெரியாமையாக இருந்தால் ஒரே ஒரு தாளில் தீர்ந்திருக்குமே?

இன்னொன்று. 1976-ல் ஹாமில்டன், கிஃபர்ட் என்று இரண்டு பேர் செய்த சோதனை. ‘அ’ கூட்டத்தைப் பற்றி 26 வாக்கியம், ‘ஆ’ கூட்டத்தைப் பற்றி 13 வாக்கியம். பெரிய கூட்டத்தில் 18 நல்ல காரியம், 8 கெட்ட காரியம். சின்னக் கூட்டத்தில் 9 நல்லது, 4 கெட்டது. வகுத்துப் பாருங்கள், அச்சு அசலாக ஒரே விகிதம். படித்து முடித்தவர்களிடம் கேட்டால், சின்னக் கூட்டம் செய்த கெட்டது இருந்ததைவிட அதிகமாகத் தெரிந்தது. மதமில்லை, சாதியில்லை, பெயர்கூட இல்லை. முழுத் தகவலையும் கையில் கொடுத்த பிறகும் இப்படி. அரிதான ஆள், அரிதான செயல், இரண்டும் சேர்ந்தால் மனம் அதைத்தான் பிடித்துவைத்துக்கொள்கிறது. நம் தெருவில் நாற்பது பேர் செய்கிற திருட்டு திருட்டு, அந்த ஒரு வீட்டுப் பையன் செய்தால் அது ஒரு சமூகத்தின் குணம். பயம் இந்தச் சரக்கை வாங்கித்தான் வளர்கிறது.

2021-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்தியாவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கிட்டத்தட்ட 30,000 பேரிடம், 17 மொழியில், வீடு வீடாகப் போய்க் கேட்டது. எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியராக இருக்க மிகவும் முக்கியம் என்றவர்கள் 84 சதவீதம். பார்த்தீர்களா, எவ்வளவு நல்ல மனசு! அதே ஆய்வில், பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடியிருப்பதை ஏற்க மாட்டேன் என்ற இந்துக்கள் 36 சதவீதம். மதிப்பேன், ஆனால் அடுத்த தெருவில் வைத்து மதிப்பேன்.

இந்த 36-க்கு முகம் கொடுக்கிறேன். என்னோடு வேலை பார்க்கிற ஒரு முஸ்லிம் ஆசிரியைக்குப் புதுச்சேரியில் லாஸ்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு தேட நானும் கூடப் போனேன். வீட்டுக்காரர் காபி கொடுத்தார். அவருடைய அப்பாவுக்கு உயிர் நண்பர் ஒரு பாய் என்றார். நோன்புக் கஞ்சியில் என்ன என்ன போடுவார்கள் என்று எங்களுக்கே சொல்லிக் கொடுத்தார். கடைசியில், ‘எனக்கு ஒன்றுமில்லை மேடம், மாடியில் இருக்கிறவர்கள்தான் ஒரு மாதிரி’ என்றார். இறங்கும்போது மாடிக்காரம்மாவையே பார்த்துக் கேட்டோம். ‘எங்களுக்கு என்னங்க, வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்’ என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டுக்காரருக்கு முஸ்லிமைத் தெரியும், நோன்புக் கஞ்சிப் பக்குவம் வரைக்கும் தெரியும். அவர் பயந்தது மாடியில் இருக்கிற தன் ஆளுக்கு.

எதிரணி இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெரும்பான்மை மனத்தின் பெரிய பயம் சிறுபான்மையைப் பற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. ‘நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்’ என்கிற பயம் அதைவிடப் பெரிது. ஹியூபர்ட் ஓ’கோர்மன் என்ற சமூகவியலாளர் 1975-ல் எழுதினார்: அமெரிக்காவில் வெள்ளையர் பலர், மற்ற வெள்ளையர்கள் தங்களைவிட அதிகமாக இனப் பிரிவினையை விரும்புவதாக நம்பினார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவருக்குப் பயந்து, தனக்குப் பெரிதாக விருப்பமில்லாததைக் காவல் காத்தார்கள்.

அதற்கும் முன்னால் 1930-களில் ரிச்சர்ட் லபியேர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மேல் வெறுப்பு கொதித்த காலம், அவர்கள் குடியேறுவதற்கே 1882-லிருந்து தடை. தங்கிய விடுதி, சாப்பிட்ட கடை எல்லாம் சேர்த்து 251 இடம். ஒரே ஓர் இடத்தில்தான் இல்லை என்றார்கள். பல மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனர்களை அனுமதிப்பீர்களா என்று கேட்டார். 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ‘மாட்டோம்’. மனப்பான்மையைக் கேட்டு நடத்தையைக் கணிக்க முடியாது என்பது லபியேரின் முடிவு. என் வாசிப்பு கொஞ்சம் வேறு. நேரில் வந்தபோது எதிரே நின்றது பெட்டியோடு இரண்டு பேர். கடிதத்தைப் பிரித்தபோது கண் முன்னால் வந்தது மற்ற வாடிக்கையாளர்களின் முகம்.

நேரம் ஆகிறது என்று நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். எதிரணியின் பெரிய தூணுக்கு வந்துவிட்டேன் ஐயா, அதை மட்டும் அசைத்துவிட்டு உட்காருகிறேன்.

‘பழகினால் வெறுப்பு குறைகிறதே, அதற்கு ஆய்வு இருக்கிறதே’ என்றார் எதிரணித் தலைவர். இருக்கிறது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே சொன்னார். ஆனால் சும்மா பழகினால் போதும் என்று அவர் சொல்லவில்லை. சம நிலையில் பழக வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், சட்டமும் அதிகாரமும் துணை நிற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். எஜமானி அம்மாவும் வேலைக்காரம்மாவும் முப்பது வருஷம் பழகுகிறார்கள், டம்ளர் தனியாகத்தான் இருக்கிறது. பிறகு 2006-ல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பழக்கம் வெறுப்பைக் குறைக்கிறது என்று உறுதி செய்தார்கள். இதுவரை எதிரணி சொன்னது சரி. ஆனால் அவர்கள் அந்த இரண்டு பேரும் 2008-ல் எழுதியதைப் படிக்காமல் வந்துவிட்டார்கள். பழக்கம் எந்த வழியாக வெறுப்பைக் குறைக்கிறது என்று மூன்று வழியைச் சோதித்தார்கள். ஒன்று, அடுத்த கூட்டத்தைப் பற்றிய அறிவு கூடுவதாலா? இரண்டு, அவர்களைப் பார்த்தால் வருகிற பதற்றம் தணிவதாலா? மூன்று, அவர்கள் இடத்தில் நின்று பார்க்கிற பரிவு வருவதாலா? மூன்றிலும் வலுக் குறைந்தது எது தெரியுமா? அறிவு. பதற்றம் தணிவதும் பரிவு வருவதும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. ஆக, எதிரணி கொண்டுவந்த மருந்துச் சீட்டிலேயே எங்கள் நோயின் பெயர்தான் எழுதியிருக்கிறது.

நம் நாட்டுச் சாட்சியும் அதுதான். அசுதோஷ் வார்ஷ்னே என்ற அரசியல் ஆய்வாளர் கோழிக்கோட்டையும் அலிகரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் இந்து-முஸ்லிம் விகிதம் ஏறக்குறைய ஒன்று. அலிகரில் கலவரம் வழக்கம், கோழிக்கோட்டில் இல்லை. தெருவில் பார்த்துச் சிரிப்பது, பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புவது மட்டும் போதவில்லை. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரண்டு பேருக்கும் சேர்ந்து ஆதாயமுள்ள அமைப்புகள் இருந்த ஊர் தாக்குப்பிடித்தது. அங்கே வதந்தி வந்தால் எடுத்து விசாரிக்கப் போன் நம்பர் இருக்கிறது. பயம் பரவுவதற்கு முன்னால் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுவிடுகிறார்.

2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமியை இந்த மாவட்டத்துக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவர்கள் இங்கே பாதிப் பேர். பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்துச் சமைத்துப் போட்டார்கள். அன்றைக்கு யாரும் யாருடைய வேதத்தையும் படித்துவிட்டுப் பந்தியில் உட்காரவில்லை. பயம் எல்லாம் கடல் பக்கம் திரும்பியிருந்தது, பக்கத்தில் இருப்பவன் மேல் மிச்சமில்லை.

கடைசியாக எதிரணித் தலைவரின் குற்றச்சாட்டு. ‘அச்சம் என்று சொல்லிப் பெரும்பான்மையைப் பாவம் என்று காட்டுகிறீர்கள், அடிக்கிறவனைப் பயந்தவனாக்கித் தப்பவிடுகிறீர்கள்’ என்றார். கூர்மையான கேள்வி. ஆனால் தப்பவிடுவது யார்? தெரியாமல் செய்தேன் என்பதைவிடச் சுலபமான மன்னிப்பு உலகத்தில் உண்டா? அறியாமைக்கு யாரும் பொறுப்பாளி இல்லை. பயத்துக்கு உண்டு, அதை ஊட்டியவர் ஒருவர், அதில் லாபம் பார்த்தவர் ஒருவர் என்று கணக்கெடுக்கலாம். புதுச்சேரியையே பாருங்கள். 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரம், பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸ் ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். நடந்தது சின்ன அநியாயமில்லை, ஆதாரமும் கையில் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு வேதபுரீஸ்வரர் வேறிடத்தில் எழுந்தருளியிருக்கிறார், மிஷன் வீதியில் சம்பா கோயில் என்கிற மாதா கோயிலில் மணி அடிக்கிறது, அந்தப் பழங்கணக்கை வைத்து யாரும் யாரையும் முறைக்கவில்லை. புதுச்சேரிக்காரருக்கு வரலாறு தெரியாது என்பதாலா? பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைக் கீறிப் பயமாக்கி விற்க அங்கே இன்னும் யாருக்கும் கை கூடவில்லை.

அறியாமைதான் என்று தீர்ப்பு வந்தால், அந்த லாஸ்பேட்டை வீட்டுக்காரருக்கு நாம் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு வரலாம். அவரும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு மறுபடி காபி கொடுப்பார், வீடு கிடைக்காது. அச்சம்தான் என்று தீர்ப்பு வந்தால், அவரை உட்காரவைத்து, ‘எதற்குப் பயப்படுகிறீர்கள், மாடியில் யாருக்குப் பயப்படுகிறீர்கள், இந்தப் பயத்தை உங்கள் போனுக்கு அனுப்பியவர் யார்’ என்று கேட்கலாம். மாடிக்காரம்மாவையும் அதே கூடத்துக்குக் கூப்பிடலாம். நடுவர் ஐயா, அந்தக் கேள்விகளுக்கு இடம் கொடுக்கிற தீர்ப்பைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.